முதல் டோஸ் பக்கத்து ஊரிலேயே ஏறட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2024 நவம்பரில், பாம்புக்கடியை 'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' (ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்) என்று 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தீர்கள். வயலும் வரப்புமாக வாழ்கிற குடும்பங்களில் அந்தச் செய்தியைக் கேட்டு நிம்மதி அடைந்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு நன்றி. அடுத்து நடக்க வேண்டிய ஒன்றைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கடிபட்டவர் முதலில் போய்ச் சேரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விஷமுறிவு மருந்தின் முதல் டோஸ் ஏற வேண்டும்.

உலகத்திலேயே கொடிய பாம்பு எது என்று பிள்ளைகளைக் கேட்டால் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான் என்பார்கள். விஷத்தின் வீரியத்தை எலிகளில் சோதித்து அளந்தால் அது சரிதான். ஆனால் அது வாழ்வது மனிதர்கள் அரிதாகவே போகும் வறண்ட உட்பகுதியில். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய நான்கு பாம்புகளுடையது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இருக்கிறது. அது எத்தனை மணிக்கு உடம்பில் ஏறுகிறது என்பதுதான் பிரச்சினை.

நெல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழக்கிறது. ஈறில் கசியும், சிறுநீரில் கலந்து வரும். தாமதம் ஆக ஆகச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ்வரை போகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் மருந்தைத் தொடங்கிவிடலாம். குழாய் கண்ணாடியாக இருப்பது முக்கியம். பிளாஸ்டிக்கிலோ சோப்பு போட்டுக் கழுவியதிலோ செய்தால் முடிவு தப்பாக வரும். இந்தச் சாதாரணக் குழாய்கள் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை கணக்கெடுங்கள்.

கட்டுவிரியன்தான் எனக்கு அதிகப் பயம். ராத்திரியில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி அநேகமாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்கு இப்படித்தான் வயிற்றுவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கண் இமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. இந்த விஷம் நரம்பு நுனிகளைச் சேதப்படுத்திவிட்டால் அப்புறம் எவ்வளவு மருந்து ஏற்றினாலும் சேதத்தை மாற்ற முடியாது, மூச்சு திரும்பும்வரை வென்டிலேட்டரில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே தரையில் படுத்து உறங்கியவர் அதிகாலையில் வயிற்றுவலியோடு வந்தால், இமையைப் பார், நாக்கை நீட்டச் சொல், கழுத்தைத் தூக்கச் சொல் என்பது இரவுப் பணியில் இருக்கும் ஒவ்வொரு செவிலியருக்கும் பழகிப்போன காரியமாக வேண்டும். ஆம்புலன்சில் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இருந்தால் வழியில் மூச்சு நின்றவரையும் காப்பாற்றலாம்.

மருந்து இருந்தும் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்கிற மருத்துவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், ரத்த அழுத்தம் சரியும். நள்ளிரவில் ஒரே ஒரு டாக்டர், வாசலில் பதறிப்போன இருபது உறவினர்கள் என்றால் யாருக்கும் கை தயங்கும். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. மருந்துக்கு முன் தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2011இலேயே காட்டியது. அந்தத் தனி டாக்டருக்குப் பயிற்சி கொடுங்கள். எந்நேரமும் போனில் ஆலோசனை சொல்ல மருத்துவக் கல்லூரியின் மூத்த மருத்துவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். முதல் டோஸைத் தொடங்கி அனுப்பிய நோயாளி வழியில் இறந்துவிட்டால், துறை அந்த டாக்டரின் பக்கம் நிற்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள். விஷம் ஏறிய அறிகுறி இல்லாத கடிக்கு மருந்து தேவையில்லை என்பதும் அதே பயிற்சியில் வரட்டும்.

இனி கணக்கு. 2023இல் தமிழ்நாட்டில் 19,795 பாம்புக்கடிகள், 43 இறப்புகள் என்று அரசுப் பதிவு சொல்கிறது. இந்த 43இல் எனக்கு நம்பிக்கை இல்லை. மந்திரிக்கக் கூட்டிப்போன இடத்தில் இறந்தவர், ஆட்டோவிலேயே உயிர் போனவர், இரண்டு வாரம் கழித்துச் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று எழுதப்பட்டவர் எல்லாம் இதில் இருக்கிறார்களா? காவல் நிலையப் பதிவு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கிராம இறப்புப் பதிவேடு மூன்றையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டு, வட்டார வாரியாக வெளியிடுங்கள். எந்த நிலையத்தில் மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மருந்தைப் பற்றியும் ஒன்று. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தச் சமூகத்தின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் கடிக்கும், மூக்கு மேடிட்ட சின்னக் குழிவிரியனுக்கோ இந்த மருந்து வேலையே செய்யாது. வெவ்வேறு வட்டாரங்களிலிருந்தும் விஷம் சேகரிக்க இருளர்களை ஊதியத்தோடும் காப்பீட்டோடும் ஈடுபடுத்துங்கள். வனத்துறை அனுமதிக்காக அவர்கள் அலையாமல் இருக்க நீங்கள் முன்னின்று பேசுங்கள்.

2030க்குள் பாம்புக்கடி இறப்புகளைப் பாதியாகக் குறைப்பது என்று மத்திய அரசின் செயல்திட்டம் சொல்கிறது. அடுத்த வடகிழக்கு மழை தொடங்குவதற்குள் முதலில் இது நடக்கட்டும்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குறைந்தது பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து, அட்ரினலின், கண்ணாடிக் குழாய்கள், இரவிலும் எடுக்கப்படும் ஒரு ஆலோசனை எண். இருப்பு எவ்வளவு என்பதை நிலையத்தின் வாசல் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்