15 வயதுக் கூடைப்பந்து வீரனின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் மகனின் ஆட்டக் காணொளிகளை அனுப்பி, அவன் தொழில்முறை வீரனாக வர வாய்ப்புண்டா என்று கேட்டிருந்தீர்கள். அவனுடைய உயரத்தையும் எடுத்த புள்ளிகளையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். நான் அவ்விரண்டையும் கடைசியாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இந்த வயதில் புள்ளிக்கணக்கு பெரும்பாலும் உடல் வளர்ச்சியின் கணக்குதான். சீக்கிரமே வளர்ந்துவிட்ட பையன், இன்னும் வளரத் தொடங்காதவர்களைத் தோளால் ஒதுக்கிவிட்டு வளையத்தின் கீழே நின்று எளிதாகப் போட்டுவிடுகிறான். மற்றவர்களும் வளர்ந்து அவனுக்குச் சமமாக நிற்கும்போது அவன் கையில் வேறென்ன இருக்கும் என்பதே கேள்வி. அமெரிக்காவின் உயரமான நட்சத்திர வீரர் ஆந்தனி டேவிஸ் பள்ளி நாட்களில், பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்தும் கார்டாக ஆடிப் பழகி, அதன் பிறகே மளமளவென்று உயர்ந்தவர். பந்தைக் கையாளும் பழக்கம் உயரத்துக்கு முன்பே வந்துவிட்டது. உங்கள் மகனுக்கு உயரம் முந்திக்கொண்டுவிட்டது. இடப்புறம் வழி திறந்து கிடக்கும்போதும் அவன் பந்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு நெரிசலுக்குள்தான் நுழைகிறான்.

ஆனால் நீங்கள் அனுப்பியவற்றில் முழுதாக இருந்த அந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு விஷயங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. பந்து தன் கைக்கு வந்து சேருமுன்பே அவன் தலையைத் திருப்பி எதிர்மூலையைப் பார்த்துவிடுகிறான். அதனால் பாஸ் தயங்காமல் போகிறது. பந்தைப் பறிகொடுத்ததும் அவனுடைய தோழர்கள் நடுவரை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்க, அவன் மட்டும் திரும்பித் தடுப்புக்கு ஓடுகிறான். முதலாவதைக் கற்றுக்கொடுப்பது மிகக் கடினம். இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தாலும் பலர் செய்வதில்லை.

ஃப்ரீ த்ரோவையும் கவனித்தேன். யாரும் மறிக்காத, தூரம் மாறாத எறிதல் என்பதால், ஒருவன் பின்னாளில் தொலைவிலிருந்து எப்படி எறிவான் என்று ஊகிக்க வீரர்களைத் தேர்வு செய்பவர்கள் அதை நம்புகிறார்கள். அவனுக்கு முழங்கை வெளியே விலகுகிறது, விரல்களின் மென்மை நன்றாக இருக்கிறது. இது திருத்தக்கூடிய குறை.

இத்தனை சொன்ன பிறகும் "வருவான்" என்று எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2003இல், பின்னாளில் பெரும் நட்சத்திரங்களான கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவேன் வேட் ஆகியோருக்கு முன்பாக இரண்டாவதாக எடுக்கப்பட்ட டார்கோ மிலிசிச் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவே இல்லை. 2014இல் 41ஆவதாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச் மூன்று முறை மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார். (அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.) ஆண்டு முழுவதும் இதே வேலையாக இருப்பவர்களின் தீர்ப்பே இப்படி என்றால், சில காணொளிகளை வைத்து நான் சொல்வதற்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ஓராண்டுக்கு அவனைத் தன்னைவிட மூத்தவர்களோடு ஆட விடுங்கள். உடலால் வெல்ல முடியாத இடத்தில்தான் இடக்கையும் வெளியிலிருந்து எறியும் பழக்கமும் வேலை செய்யத் தொடங்கும். புள்ளிகள் குறையும், அதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். குதித்து இறங்கியதும் அவன் அடிக்கடி முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொள்வதைப் பார்த்தேன். வேகமாக வளரும் பருவத்தில் அங்கே வலி வருவது வழக்கம்தான் என்றாலும், பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்கு முன் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை வெட்டி ஒட்டிய காணொளிகள் வேண்டாம். அவனுடைய அணி தோற்ற ஆட்டம் ஒன்றை, அவன் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரமும் சேர்த்து, முழுமையாக அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய பயிற்சியாளர்