விஜயந்தா டேங்க் திருப்பணி: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் குடியிருப்பு வாசல் மேடையில் நிற்கும் விஜயந்தா ராணுவ டேங்கின் சீரமைப்பு வேலை, 2025 அக்டோபர் 1 ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைத்ததோடு முடிந்தது. யாரோ கேலியாக "திருப்பணி" என்று ஆரம்பித்தது ரசீது புத்தகம் வரை ஏறிவிட்டதால், அறிக்கைக்கும் அதே பெயர்.

முதலில் பணம். எப்படியும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அதைத்தான் தேடப் போகிறீர்கள். மதிப்பீடு ரூ.6,80,000. செலவு ரூ.9,12,450. வசூல் ரூ.8,47,300. துண்டு விழுந்த ரூ.65,150 சங்கத்தின் பொது நிதியிலிருந்து கடனாக எடுக்கப்பட்டது. செயற்குழுவில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கித்தான் எடுத்தோம். மதிப்பீட்டை மீறிய ரூ.2,32,450-இல் ரூ.1,48,000 ஒரே ஒரு ஒப்பந்தக்காரரால் வந்தது. அந்தக் கதை கீழே இருக்கிறது. மேடையில் வடிகால் வெட்டியதற்கு ரூ.52,000. மீதி தார்ப்பாய், கிரேன் காத்திருந்த வாடகை, சில்லறை.

"ஒன்பது லட்சம் போட்டும் வண்டி ஓடவில்லையே" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் இதைக் கட்டிய ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் என்பதுதான் ஆச்சரியம். இந்த வண்டி காட்சிக்கு வைக்க மட்டுமே நமக்குக் கொடுக்கப்பட்டது. பீரங்கிக் குழலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக் கிடையாது, உள்ளே என்ஜினும் கிடையாது. அப்படியே என்ஜின் இருந்திருந்தாலும் அது லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு, மொத்தம் பன்னிரண்டு பிஸ்டன், மேலே ஒரு கிராங்க், கீழே ஒரு கிராங்க், டூ-ஸ்ட்ரோக். லைனர் சீல் கசிந்து தண்ணீர் எங்கே போகும் என்று அதை அசெம்பிள் செய்த கைகளுக்கே தெரியும். இதே என்ஜினை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் சீஃப்டன் டேங்கில் பட்ட பாடு உலகறிந்தது. ஏறக்குறைய 39 டன் எடையுள்ள ஒரு வண்டியை ஆவடி ரோட்டில் எங்கே ஓட்டிக் காட்டுவது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. ஓட வைப்பது முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இல்லை. 2024 பொதுக்குழுவில் இதைப் படித்துக் காட்டியபோது கைதட்டினீர்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளுக்காக நாலு வரி. விஜயந்தா, விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்த டேங்க். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டிய முதல் வண்டி 1965 டிசம்பரில் வெளியே வந்தது. 105 மி.மீ. பீரங்கி, நாலு பேர் குழு. 1971 போரில் களத்தில் இருந்தது. 80-களில் உற்பத்தி நின்று டி-72 டேங்க் வரும்வரை, உங்கள் அப்பாக்களும் தாத்தாக்களும் சைக்கிளில் போய்க் கட்டியது இதைத்தான்.

இனி வேலை. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்: தண்ணீர் உள்ளே போகக்கூடாது, போனால் நிற்கக்கூடாது. பார்வைக்குப் பளபளப்பாக்க வேண்டுமென்றால் மதிப்பீட்டில் பாதியில் முடித்திருக்கலாம். முன்பு ஒவ்வொரு விழாவுக்கும் அப்படித்தான் பெயின்ட் மேல் பெயின்டாக அடித்தார்கள். ஹல்லின், அதாவது வண்டி உடலின், அடியில் தண்ணீரை வடிக்க இருக்கும் டிரெயின் பிளக்குகளையும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். அதைச் சுரண்டித் திறந்த அன்று முதலில் எதுவும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் டீ டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து, அப்புறம் கொழகொழவென்று இலை மக்கல், பாட்டில் மூடிகள், ஒரு ரப்பர் செருப்பு என்று வந்தது. மேலே என்ஜின் தளத்தின் கம்பித் தட்டுகள் வழியாக எத்தனை மழைக்காலம் உள்ளே இறங்கியதோ.

80 மி.மீ. முன் கவசத்துக்குத் துரு ஒரு பொருட்டே இல்லை. செத்துப்போனது மெல்லிய தகடெல்லாம்தான்: டிராக் என்ற சங்கிலிப் பட்டையின் மேலிருக்கும் ஃபெண்டர், பக்கவாட்டுப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகள். கைவைத்தால் அப்பளமாக உடைந்தன. புதிய பிராக்கெட்டை ஹல்லோடு நேரடியாக வெல்டிங் வைத்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சாதாரண எலெக்ட்ரோடை (வெல்டிங் கம்பியை) ஹோல்டரில் மாட்டியேவிட்டார். வெல்டிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்த நம் உறுப்பினர் ஒருவர் ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கினார். "வயசானவர் வேலையைக் கெடுக்கிறார்" என்று அன்றே எனக்கு போன். அவர் செய்ததுதான் சரி. கவசத் தகடு கலப்பு உருக்கு. முன்கூட்டிச் சூடேற்றாமல், ஈரம் போகக் காய வைக்காத எலெக்ட்ரோடால் அதில் பொட்டு வைத்தால், வெல்டு பார்க்க அழகாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து அதன் ஓரத்தில், தகட்டுக்குள் விரிசல் விழும். ஆகவே ஹல்லில் ஒரு பொட்டும் வைக்கவில்லை. பழைய போல்ட் துளைகளைச் சுத்தம் செய்து, மரை திருத்தி, எல்லாவற்றையும் போல்ட்டில் கட்டினோம். அதனால்தான் ஃபெண்டர் வேலை இழுத்தது.

இப்போது அந்த ரூ.1,48,000.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். மிகக் குறைந்த தொகைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பொதுக்குழு பிடிவாதம் பிடித்தது மினிட்ஸில் இருக்கிறது. அவர் கேட்டது ரூ.2,60,000. பொருளாளருக்கு வேண்டப்பட்டவர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பொருளாளர் அவரை முதன்முதலில் பார்த்ததே கொட்டேஷன் கவர் பிரித்த அன்றுதான். கமிட்டியில் பொருளாளரின் கையெழுத்து மட்டும் கடைசியாக விழுந்தது, அதுவும் முணுமுணுத்துக்கொண்டே.

ஒப்பந்தத்தில் எழுதியது இவ்வளவுதான்: காப்பர் ஸ்லாக் (தாமிரக் கசடு மணல்) வைத்து பிளாஸ்டிங் செய்து, அதாவது காற்றழுத்தத்தில் அதைப் பீய்ச்சியடித்து, பழைய பெயின்ட், துரு எல்லாவற்றையும் வெள்ளை உருக்கு தெரியும்வரை எடுக்க வேண்டும், எடுத்த நாலு மணி நேரத்துக்குள் துருவைத் தடுக்கும் ஜிங்க் எப்பாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. 2024 நவம்பர் 29 சாயங்காலம் ஹல் முழுக்க பிளாஸ்டிங் முடிந்து வெள்ளி மாதிரி நின்றது. வானிலை மையம் அதற்கு முன்பே புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. "காலையில் அடித்துக்கொள்ளலாம் சார்" என்று தார்ப்பாயைப் போட்டுவிட்டு ஆட்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் ஃபெஞ்சல் புயல். தார்ப்பாய் காம்பவுண்டுக்கு வெளியே கிடந்தது. மழை விட்டு நாம் போய்ப் பார்த்தபோது டேங்க் முழுக்க ஆரஞ்சு நிறம்.

புயல் அவர் குற்றமில்லை என்பவர்களுக்கு: அதை நாங்களும் அவரிடமே சொன்னோம். பிளாஸ்டிங்கைத் திரும்பச் செய்யுங்கள், ஸ்லாக் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும் என்றோம். தின்னர் போட்டுத் துடைத்தால் போதும் என்றார் அவர். பேச்சு முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி ஆட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முழு வண்டிக்கும் ரெட் ஆக்ஸைடு பெயின்டை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஜிங்க் பிரைமர் சாம்பல் நிறம். ரெட் ஆக்ஸைடு துருவின் நிறம். துரு மேல் அதை அடித்தால் எது பெயின்ட், எது துரு என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. "நல்லாத்தானே இருக்கு, கமிட்டிக்கு என்ன பிரச்சினை?" என்று அன்று வாக்கிங் போனவர்கள் கேட்டதற்குக் காரணமும் அதுதான். இன்ஸ்பெக்ஷன் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினரை அழைத்தோம். பிளேடால் பெயின்டில் கட்டம் கட்டமாகக் கீறி, மேலே டேப்பை ஒட்டி, விருட்டென்று இழுத்தார். பெயின்ட் முழுசாக டேப்போடு வந்தது. டேப்பின் பின்பக்கம் பழுப்பு நிறப் பொடி. டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி), முன் தகடு, பக்கவாட்டு எல்லா இடத்திலும் அதே. டேப்புகள் தேதியோடு ஃபைலில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் தவணையை நிறுத்தினோம். வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார், வரவில்லை. கடைசியில், கொடுத்த அட்வான்ஸ் ரூ.1,20,000 அவருக்கே, இனி யாருக்கும் யாரிடமும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு விலகினோம். கேஸ் போட்டிருக்க வேண்டும் என்று மூன்று பேர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் வண்டியை அப்படியே வைத்திருக்கச் சொல்வார்கள். இன்னொரு மழைக்காலம் அதே கோலத்தில் நிற்கும். அவர் ஹல்லின் மேலிருந்த பழைய பெயின்ட் அடுக்குகளையாவது எடுத்திருந்தார் என்பதையும் கணக்கில் வைத்தோம். இந்த முடிவை இன்று கேட்டாலும் அதேதான் சொல்வேன்.

இரண்டாவது ஒப்பந்தக்காரருக்கு ரூ.2,88,000. அட்வான்ஸையும் சேர்த்துக் கூட்டி, முதல் ஒப்பந்தத் தொகையைக் கழித்தால் ரூ.1,48,000 வரும். இவர் பிப்ரவரி வெயிலில் ஆரம்பித்தார். காலைப் பனி காயும்வரை பிளாஸ்டிங் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும்தான் பிளாஸ்டிங். சக்கரங்களின் ரப்பரைத் துணி சுற்றி மறைத்தார். பிரைமர், நடு கோட், மேலே பாலியூரித்தேன் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் மைக்ரான் மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். தூசி பறந்ததாகப் புகார் சொன்ன இரண்டு பிளாக் மக்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். திரை கட்டியும் கொஞ்சம் பறந்தது உண்மைதான்.

அடுத்தது பீரங்கிக் குழல். பிரீச் பிளாக் இல்லாததால், வானம் பார்த்து நின்ற குழலில் விழுந்த மழையெல்லாம் பின்பக்கமாக டரட்டுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. இறுகிப்போன ஏற்றியிறக்கும் கியரை டீசல் ஊற்றி ஊறவைத்து விடுவித்து, குழலைக் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினோம். பெரிய கலவரமே ஆனது. "தோற்றுப்போன டேங்க் மாதிரி தலை குனிந்து நிற்கிறது" என்று கையெழுத்து இயக்கம்வரை போனார்கள். சரி என்று கிடைமட்டத்துக்கு ஏற்றி, வாயில் எஃகு மூடி போட்டு, அதன் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விட்டிருக்கிறோம். குழந்தைகள் அதில் குச்சி செருகுகிறார்கள். தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட்ச் மூடிகளுக்குப் புது ரப்பர், டிராக் கிரீஸ், மேடை விளக்கு, வேலி: முடிந்தன.

உபயதாரர்கள். எல்லோர் பெயரும் மேடையின் பின்பக்கக் கல்லில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்றவர்களின் பெயர் இல்லை. இங்கே பிரிவு வாரியாக நன்றி: வெல்டிங் ஷாப், மெஷின் ஷாப், ஹீட் ட்ரீட்மென்ட், அசெம்பிளி, டெஸ்ட் டிராக் ஓட்டுநர்கள், இன்ஸ்பெக்ஷன், ஸ்டோர்ஸ், கேன்டீன் ஊழியர்கள், பள்ளி ஆசிரியைகள், பட்டாபிராம், அண்ணனூர், அம்பத்தூர் உறுப்பினர்கள், 1974 அப்ரன்டிஸ் பேட்ச், மறைந்த கணவர்களின் நினைவாகக் கொடுத்த பதினோரு குடும்பங்கள், பென்ஷன் நாளன்று தவறாமல் நூறு ரூபாய் போட்ட பெயர் சொல்லாத ஒருவர். ஸ்லாக்கைச் சொந்த லாரியில் ஏற்றிவந்து டீசலுக்கும் பணம் வாங்காதவருக்குத் தனி நன்றி.

ஒரு பெரிய உபயதாரர் தன் பெயரை டரட்டில் எழுதச் சொன்னார். கோவில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைப்பது மாதிரி இதை ஆக்க முடியாது என்று மறுத்தோம். அவர் கோபித்துக்கொண்டு பாதித் தொகையை மட்டும் கொடுத்தார். பாதிக்கும் நன்றி.

பிளாஸ்டிங் முடிந்தபோது பின்புறத் தகட்டின் வெல்டு ஓரத்தில் ஒரு வெல்டர் தன் அடையாளமாகக் குத்திய பஞ்ச் எண் தெரிந்தது. அது தன்னுடையது என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். கமிட்டி இதில் கருத்துச் சொல்வதாக இல்லை. அந்த இடத்துக்கு மட்டும் மேல் கோட்டைக் கனமில்லாமல் அடித்து எண் படிக்கத் தெரியும்படி விட்டிருக்கிறோம்.

பாக்கி வேலை: ஒப்புக்கொண்டும் வராத நன்கொடை ரூ.41,000, அது வந்தால் கடனில் பெரும்பகுதி அடையும். டிரெயின் பிளக்குகளை ஆடி மாதத்திலும், மழைக்காலம் முடிந்த பிறகும் திறந்து பார்க்க இரண்டு பேர் தேவை. குனிந்து அடியில் போகக்கூடியவர்கள் பெயர் கொடுக்கவும். சாவி அலுவலகத்தில் இருக்கிறது. பில்கள், ஒப்பந்தங்கள், டேப் ஒட்டிய ஃபைல் எல்லாம் சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை பார்வைக்கு வைக்கப்படும். நகல் வேண்டுவோர் ஜெராக்ஸ் செலவைத் தாங்களே கொடுத்துவிடவும். அந்தத் தலைப்பில் நிதி இல்லை.

இப்படிக்கு,
செயலாளர், டேங்க் திருப்பணிக் கமிட்டி
ஆவடி