முதுகைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவர் பதில்கள் பகுதியில், 8 வயது மகள் இன்னும் பாயை நனைக்கிறாள் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். பகலிலும் ஜட்டி ஈரமாகிறது, மலச்சிக்கலும் விடவில்லை என்று அவரே சொல்லியிருந்தார். அதற்கு, ‘வளர வளரச் சரியாகிவிடும், அம்மாக்கள்தான் வீணாகப் பதறுகிறார்கள்’ என்று பதில். பதறினால் என்ன தவறு ஐயா?

5 வயதில் 100 பிள்ளைகளில் 15 பேர் வரை இரவில் நனைப்பார்கள், பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நானும் மறுக்கவில்லை. ஆனால் என் மகளுக்குப் பகலிலும் சொட்டியது. கீழ்முதுகின் நடுவில் ஒரு கொத்து முடி இருந்தது. மாமியார் அதை ராசி என்றார். போன இடத்திலெல்லாம் ராத்திரி தண்ணீர் கொடுக்காதே என்றார்களே தவிர, சட்டையைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஒரு கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தண்டுவடத்தின் நுனி மேலே ஏறாமல் கீழே கொழுப்பில் ஒட்டிக்கிடந்தது. பிள்ளை உயரமாக ஆக, அது இழுபட்டு சிறுநீர்ப்பை நரம்பைக் கெடுத்திருக்கிறது. அதாவது, வளர வளரத்தான் கெட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு கால் தேறியது. சிறுநீர்ப்பை தேறவில்லை, இன்றும் நேரம் பார்த்து ட்யூப் வைத்துத்தான் எடுக்கிறோம்.

அதற்குள் அவள் பட்ட பாடு! நாற்றம் என்று பள்ளியில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். சூடு வைத்தால் நிற்கும் என்றார்கள் சொந்தக்காரர்கள். எள்ளுருண்டை கொடுங்கள் என்று உங்கள் பாட்டி வைத்தியப் பக்கமும் சொன்னது. நானும் நம்பிக் கொடுத்தேன்.

பாயை நனைக்கும் பிள்ளைக்கெல்லாம் ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சரியாக மூடவில்லை என்று பயமுறுத்திவிட்டார்கள். நன்றாக இருப்பவர்கள் பலருக்கும் அப்படித் தெரியும், பெரும்பாலும் அதனால் ஒன்றும் வராது என்று பிறகுதான் வேறொரு டாக்டர் விளக்கினார். அந்த வீட்டில் அதுவரை தூக்கமே இல்லை.

நான் கேட்பது நாலு வரிதான். பகலிலும் நனைவது, தீராத மலச்சிக்கல், நடையில் மாற்றம், கீழ்முதுகின் நடுவில் முடிக்கொத்தோ கட்டியோ ஆழமான குழியோ சிவப்பு மச்சமோ இருப்பது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதுகைக் காட்டுங்கள் என்று அதே பக்கத்தில் போடுங்கள். அந்தத் தாயின் முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த இதழ்வரை காத்திராமல் அவருக்கு முதலில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், திண்டுக்கல்