யாழினிக்கு ஒரு பந்து

அன்புள்ள ரவி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர்வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதுவரை தெரிகிறது. எங்களுக்கு அதுதான் புதுத் தலைவலி. பெரியவன் பெங்களூரில்தான் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவன் போனில் சிக்னல் போய்விடுகிறது. என் முழங்கால் பழையபடியேதான். ஓட முடிவதில்லை, ஆனால் விசில் ஊத முழங்கால் எதற்கு? தினமும் காலையில் மாநகராட்சி மைதானத்துக்குப் போய்விடுகிறேன். சின்னப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள்.

நீ வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் கேட்டுவிட்டாய்: மகள் யாழினி பள்ளியிலும் ஆடணும், வீட்டுக்குப் பக்கத்திலும் ஆடணும், சீக்கிரம் தேயக் கூடாது, எந்தக் கூடைப்பந்து வாங்கலாம் என்று. அதற்குக் கட்டைவிரலால் பதில் தட்ட என்னால் ஆகாது. அதனால்தான் இந்தக் கடிதம். டீ போட்டு வைத்துக்கொண்டு படி.

பந்தைப் பற்றிப் பேசுமுன் தரையைப் பற்றிப் பேச வேண்டும். நீ அனுப்பிய போட்டோவில் உங்கள் குடியிருப்புக் கோர்ட்டைப் பார்த்தேன். மழையில் வழுக்கக் கூடாதென்று துடைப்பத்தால் கோடு இழுத்து விட்ட சிமென்ட் தரை. நடக்கிறவனுக்கு அது நல்லது, பந்துக்கு அது உப்புத்தாள். யாழினியின் பள்ளியிலோ புது உள்ளரங்கம், மரத்தரை என்கிறாய். இரண்டும் இரண்டு உலகம். ஒரே பந்து இரண்டிலும் ஆடும், ஆடாமல் என்ன. ஆனால் இரண்டிலும் நன்றாக ஆடி, நாளும் தாங்க வேண்டும் என்றால் அது கொஞ்சம் பேராசை.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். அசல் தோல், சின்தெடிக் என்றும் காம்போசிட் என்றும் சொல்லப்படும் செயற்கைத் தோல், அப்புறம் ரப்பர். உள்ளே மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே கட்டுமானம்தான்: நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் பிளாடர், அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கட்டிய நைலான் நூல், அதற்குமேல் ஒரு ரப்பர் உறை, கடைசியில் நம் கையில் படும் மேல்தோல். நாமெல்லாம் மேல்தோலைப் பார்த்துத்தான் விலை பேசுவோம். ஆனால் பந்து வட்டமாகவே இருக்குமா, முட்டையாகிவிடுமா என்பது அந்த நூல்கட்டில் இருக்கிறது. மலிவுப் பந்தில் நூலைக் குறைத்துவிடுவார்கள். வாங்கின புதிதில் தெரியாது. நாலு வெயில் பார்த்ததும் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். எங்கள் மைதானத்துப் பையன் ஒருவன் ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கிய பந்து அப்படித்தான் ஆனது. தரையில் தட்டித் தட்டி டிரிபிள் செய்தால் நேராக வராமல் முழங்காலை நோக்கி வரும். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் மட்டும் பளபளவென்று 'புரொஃபஷனல்' என்று போட்டிருந்தது.

அசல் தோலை நீ நினைக்கவே வேண்டாம். அது உள்ளரங்கத்துக்கு மட்டும் செய்தது. புதிதில் வழுக்கும், ஆட ஆடத்தான் கைக்கு வரும், தண்ணீர் பட்டால் உறிஞ்சிக் கனத்துவிடும், சிமென்ட்டில் ஒரு சீசனைக்கூடத் தாங்காது. நம்ம காலத்தில் மண் கோர்ட்டில் தோல் பந்தைப் போட்டு ஆடினோமே என்று கேட்பாய். ஆடினோம், மழைக்காலத்தில் அதைத் தூக்கி எறிந்தால் கூடைக்குப் போகாமல் தோள்பட்டை கழன்று போனதும் நினைவிருக்கிறதா? நம்ம பி.டி. சார் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர், பந்தைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். 1920இல் ஹாரி பக் ஆரம்பித்த கல்லூரி அது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்வார். அவர் தோல் பந்தைத் துடைத்துத் துடைத்து வைத்ததால்தான் நமக்கு அத்தனை நாள் உழைத்தது.

மீதி ரப்பரும் சின்தெடிக்கும். ரப்பர் வெளியில் ஆடுவதற்கென்றே பிறந்தது. தேயும், ஆனால் மெதுவாகத் தேயும். புழுதி ஏறினால் குழாயடியில் கழுவிக் காயவைத்துவிடலாம். விலையும் ஆயிரத்துக்குள் அடங்கும். நிவியா, காஸ்கோ என்று நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். குறை என்னவென்றால் துள்ளல் கொஞ்சம் அதிகம், கையில் கல்லு மாதிரி படும். வளையத்தில் பட்ட பந்து நல்ல பந்தைவிடத் தூரமாகத் தெறிக்கும். கை வியர்த்தால் வழுக்கும்.

சின்தெடிக்கில் நல்லது என்பது பாலியூரித்தேன் மேல்தோல் போட்டது. கையில் ஒட்டும், மெத்தென்று இருக்கும், விரல் நுனியிலிருந்து விடும்போது பந்து எங்கே போகிறது என்று விரலுக்கே தெரியும். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது, கடைக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று உள்ளரங்கத்துக்கு மட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் பேர்போன வில்சன் எவல்யூஷன் இந்த வகை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அதைச் சிமென்ட்டில் போட்டு அடித்தால் பாவம். இன்னொன்று 'இண்டோர் அவுட்டோர்' என்று பந்தின் மேலேயே அச்சடித்து வருவது. மேல்தோல் சற்றுக் கடினம், மேலெல்லாம் இருக்கும் பொடிப்புள்ளிகள் சற்று ஆழம். நீ கேட்பது இந்த இரண்டாவதைத்தான். பந்தில் அந்த எழுத்து இல்லையென்றால் கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பாதே.

இந்த மேல்தோல் விஷயம் பெரிய இடத்திலேயே சிக்கலானதுதான். 2006இல் அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.காரர்கள் காலங்காலமாக ஆடிவந்த தோல் பந்தைத் தள்ளிவைத்துவிட்டு, மைக்ரோஃபைபர் சின்தெடிக் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்கள் புலம்பித் தள்ளிவிட்டார்கள். ஈரம் பட்டால் வழுக்குகிறது, விரல் நுனியைக் கீறுகிறது என்று ஒரே சத்தம். சீசன் பாதியிலேயே, 2007 ஜனவரி 1 முதல் பழைய தோல் பந்து திரும்ப வந்துவிட்டது. அத்தனை பணம் புழங்கும் இடத்திலேயே ஆடுகிறவன் கையைக் கேட்காமல் பந்து வாங்கியதன் பலன். அதனால் யாழினியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. நீயாக வாங்கிவந்து பிறந்தநாள் அன்று திடுக்கென்று நீட்டாதே.

அளவு முக்கியம்டா. செருப்பு வாங்குகிற மாதிரி, வளர்ந்தாலும் ஆகட்டும் என்று 7 வாங்கிவிடப் போகிறாய். வேண்டாம். 7 ஆண்களுக்கு: எடை 580 முதல் 620 கிராம், சுற்றளவு 75 சென்டிமீட்டருக்கு மேல். பெண்கள் பந்து 6, அது 550 கிராமைத் தாண்டாது. பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் 7ஐக் கொடுத்தால் தூக்கி எறியத் தெம்பில்லாமல் தோளுக்குப் பக்கத்தில் இருந்து தள்ளக் கற்றுக்கொள்வாள், அந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கே ரொம்ப நாள் பிடிக்கும். இன்னொரு பொறியும் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று ஆட்டத்துக்கென்று தனிப் பந்து வருகிறது. அளவு 6தான், எடை மட்டும் 7க்கு உரியது. தெருவில் ஆடுகிற ஆட்டம் என்பதால் மேல்தோல் நன்றாக உழைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். '6' என்று பார்த்துவிட்டு அதைத் தூக்கிவந்துவிடாதே. பெட்டியில் எடையைப் படி.

கடையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். காற்று அடித்துத்தான் காட்டச் சொல். வால்வுக்குப் பக்கத்தில் எத்தனை காற்று என்று அச்சிட்டிருக்கும், காற்றழுத்தக் கணக்கில் பெரும்பாலும் 7 முதல் 9 பி.எஸ்.ஐ. அதற்குள் இருக்க வேண்டும். நாம் ஆடிய காலத்து விதி உனக்கு ஞாபகம் இருக்கும்: பந்தின் அடிப்பக்கம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட்டால், துள்ளி எழும்போது அதன் மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கடையில் டேப் எடுக்க வேண்டாம். உன் உச்சந்தலை உயரத்தில் இருந்து விடு. இடுப்புக்கு மேலே, நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தால் சரி. அதே பந்தை இரண்டு மூன்று பக்கமாகத் திருப்பித் திருப்பி விட்டுப் பார். ஒரு பக்கம் விழும்போது மட்டும் கோணலாக எழும்பினால் வைத்துவிடு. பிறகு இரண்டு கையாலும் மேலே சுழற்றிப் போட்டு, கறுப்புக் கோடுகளைக் கவனி. கோடு ஆடாமல் சுற்றினால் பந்து வட்டம், நெளிந்து நெளிந்து சுற்றினால் கனம் ஒரு பக்கமாக இருக்கிறது.

கோடு என்றதும் இன்னொன்று. அந்தக் கறுப்புப் பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார். நகம் நன்றாக உள்ளே உட்கார வேண்டும். வெளியில் ஆட ஆட முதலில் அழிவது கம்பெனி எழுத்து, அடுத்துப் பொடிப்புள்ளிகள் மழுங்கும், அப்புறம் பள்ளம் மேடு தெரியாமல் மொழுக்கென்று ஆகிவிடும். சின்தெடிக்காக இருந்தால் பள்ளத்தின் ஓரத்தில்தான் மேல்தோல் முதலில் உரியத் தொடங்கும். உரிந்த ஓரத்தைப் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள், நோண்டி நோண்டி எடுத்துவிடுவார்கள். யாழினியிடம் சொல்லி வை.

சரி, என் தீர்ப்பு. பெரும்பாலும் வீட்டுக் கோர்ட்டில்தான் ஆடுகிறாள், பள்ளியில் வாரத்தில் ஓரிரு நாள் என்றால், ஆழமான பள்ளம் உள்ள 6ஆம் அளவு ரப்பர் பந்து ஒன்றை வாங்கி விட்டுவிடு. பள்ளியில் பள்ளிப் பந்து இருக்குமே. அணியில் எடுத்துவிட்டார்கள் என்றால் அப்போது ஒரு நல்ல சின்தெடிக் வாங்கலாம். அதைச் சிமென்ட் பக்கமே காட்டக் கூடாது. இரண்டு பந்தா, செலவா என்று முகம் சுளிக்காதே. ரெண்டு மூவாயிரம் கொடுத்த ஒரே சின்தெடிக்கைச் சிமென்ட்டில் தேய்த்துவிட்டு அடுத்த வருஷம் மறுபடி வாங்குவதைவிட இது மலிவு. இன்னொரு காரணமும் உண்டு: வெளியில் அடித்த பந்தின் புள்ளிகளுக்கு நடுவே மணல் ஏறியிருக்கும். அதை மரத்தரைக்குக் கொண்டுபோனால் தரையைக் கீறும். நல்ல அரங்கத்தில் ஷூவையே துடைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

ஒரே பந்துதான் என்று தங்கச்சி பட்ஜெட் போட்டுவிட்டாளா? அப்படியானால் இண்டோர் அவுட்டோர் சின்தெடிக். ஸ்பால்டிங், மோல்டன், வில்சன் எதிலும் இருக்கிறது. வெளியில் ஆடி வந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைக்கச் சொல். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம்.

எந்தப் பந்தானாலும் வெயில்தான் எமன். கார் டிக்கியில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு உண்டு. காலையில் 25 டிகிரியில் 8 பி.எஸ்.ஐ. காற்றோடு இருக்கும் பந்து, டிக்கிக்குள் 55 டிகிரியானால் பத்தைத் தாண்டிவிடும். பசை இளகும், நூல்கட்டு தளரும், அப்புறம் முட்டைதான். பந்தின்மேல் உட்காருவதும் அப்படியே. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை அதுதான், நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். காற்றடிக்கும்போது ஊசியை நனைத்துவிட்டு நேராகச் செருக வேண்டும். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். பந்து தினம் இளைத்தால் வால்வில் சோப்பு நுரையைத் தடவிப் பார். குமிழ் வந்தால் அங்கேதான் கசிவு.

மற்றபடி, பெரியகுளத்தில் மே மாதம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்குமே, இந்த வருஷம் நான் போகலாம் என்று இருக்கிறேன். நீயும் யாழினியைக் கூட்டிக்கொண்டு வா. பெரிய அணிகள் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தங்குவதற்கு நான் ஏற்பாடு செய்கிறேன். நீ ராத்திரி குறட்டை விடுவதால் உனக்கு மட்டும் தனி அறை.

பம்பும் ஊசியும் கடையில் வாங்காதே. பந்தோடு இலவசமாகக் கொடுக்கிற பிளாஸ்டிக் பம்ப் நாலு தடவையில் காலி. என்னிடம் நல்ல இரும்புப் பம்ப் ஒன்று கூடுதலாக இருக்கிறது, இந்த வாரம் கொரியரில் போடுகிறேன். உன் புது வீட்டு முகவரியில் கதவு எண்ணை மட்டும் தெளிவாக அனுப்பு, போன முறை பார்சல் திரும்பி வந்துவிட்டது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்
கோயம்புத்தூர்