மசாஜ் கன் பெட்டியில் மில்லிமீட்டரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரம்பூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் நான். 22 வருடமாக இதே வேலை. ஆடி முடிந்து தீபாவளி வரை மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது, ராத்திரி படுத்தால் இடது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் கல் வைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். மகன் காலையில் மெரினாவில் ஓடுகிறவன், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறான், அவனுக்குத் தொடையும் கெண்டைக்காலும் இறுகிப்போய்விடும். இரண்டு பேருக்கும் ஆகட்டும் என்று போன வருடம் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மசாஜ் கன் வாங்கினோம். கையில் பிடித்து வலிக்கிற தசையில் வைத்தால், முனையில் இருக்கும் தலை முன்னும் பின்னும் போய்வந்து படபடவென்று தட்டும் மெஷின் அது.

பெரியதும் இருந்தது, உள்ளங்கையில் அடங்கும் சின்னதும் இருந்தது. என்ன வித்தியாசம் தம்பி என்று கேட்டேன். "பெருசு வாங்குங்கக்கா, 30 ஸ்பீடு, எட்டு தலை, பவர் இதுலதான் இருக்கு" என்றார். பெட்டியிலும் அதுதான் போட்டிருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் பெரியதையே எடுத்து வந்தோம்.

மகனுக்கு அது நன்றாகவே உதவியது. எனக்கு உதவவில்லை. என் இடது தோளுக்கு நானே பிடிக்க வேண்டுமென்றால் வலது கையை மார்புக்குக் குறுக்கே தூக்கி, முழங்கையை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு நிமிடம் ஆவதற்குள் மணிக்கட்டு கடுக்கும். நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்த கை அது. தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 1 கிலோ 60 கிராம். பெட்டியில் எடையே போடவில்லை.

பொங்கலுக்கு வந்த நாத்தனார் சின்னது ஒன்று கொண்டுவந்தார், 420 கிராம்தான். தோளுக்கு அது சுகமாக இருந்தது. ஆனால் மகன் தொடையில் வைத்து அழுத்தினால் சத்தம் இறங்கி, திணறி, தலை நின்றுபோகிறது. சரி, ஏன் இப்படி என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தையல் மெஷினில் சக்கரம் சுற்றுவது ஊசியின் ஏற்ற இறக்கமாக மாறுகிறதே, இதற்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. மோட்டார் சுற்றுவதை ஒரு மையம் விலகிய சக்கரம் வாங்கி, தண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. இரண்டையும் அணைத்து வைத்துவிட்டு, தலையை விரலால் முழுக்க உள்ளே தள்ளி, தண்டில் துணிக்குப் போடும் சாக்கால் ஒரு கோடு கிழித்தேன். அப்புறம் முழுக்க வெளியே இழுத்து டேப்பால் அளந்தேன். பெரியது 11 மில்லிமீட்டர் போய்வருகிறது, சின்னது 7. தலை எத்தனை, ஸ்பீடு எத்தனை என்பதையெல்லாம் விட இந்த நாலு மில்லிமீட்டர்தான் விஷயம். தூரம் குறைந்தால் அடி தோலோடும் மேல் தசையோடும் நின்றுவிடும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது அதிர்வுதான். தொடை, பிட்டம் மாதிரி தடித்த தசைக்கு நீளமான அடி வேண்டும், அழுத்தினாலும் நிற்காத மோட்டார் வேண்டும், அதற்குப் பெரிய உடம்பு வேண்டும், எடை கூடத்தான் செய்யும். சின்னதை மட்டமான பொருள் என்று சொல்லிவிட முடியாது, அதனதன் வேலை வேறு.

இதையெல்லாம் பெட்டியில் போட முடியாதா என்றால், போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அழுத்திச் சரிசெய்கிறவர், 2007இல் பைக் விபத்தில் அடிபட்டு, தன் வலிக்காகவே மரம் அறுக்கும் ஜிக்சாவை மாற்றிச் செய்ததுதான் தெராகன் என்ற மசாஜ் கன் என்று மகன் படித்துச் சொன்னான். அந்த கம்பெனி ப்ரோ மாடலுக்கு 16 மில்லிமீட்டர், மினிக்கு 12 என்று வெளிப்படையாகச் சொல்கிறது, எத்தனை கிலோ அழுத்தினால் மோட்டார் நிற்கும் என்பதையும் சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் பெட்டிகளில் இந்த இரண்டும் கண்ணில் படுவதே இல்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அதிகபட்ச விலை, இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள், புகாருக்கு யாரைக் கேட்பது என்பதெல்லாம் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். அந்த இடத்திலேயே தலை போய்வரும் தூரம், தாங்கும் அழுத்தம், எடை என்று மூன்று வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சின்னது பார்க்க பொம்மை மாதிரி இருப்பதால் எல்லோரும் நேராகக் கழுத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் இருக்கும் இடம், அங்கே எந்த கன்னும் படவே கூடாது. முதுகெலும்பு மேலும் வைக்கக் கூடாது. நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும் கால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், கர்ப்பிணிகள் இவர்களெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. என் மாமியாருக்குச் சர்க்கரை, காலில் உணர்ச்சி குறைவு, ஆசையாகக் கேட்டார், நான் தரவில்லை. பெரியதை ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதும் ஆபத்து. மசாஜ் கன் போட்டபின் தசை நார்கள் சிதைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி 2021இல் பிசிகல் தெரபி என்ற மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. ஒரு தசைக்கு ஒன்று, இரண்டு நிமிடம் போதும். நாங்கள் வாங்கிய பெட்டிக்குள் இருந்த தாளில் இதெல்லாம் ஆங்கிலத்திலும் சீனத்திலும் பொடி எழுத்தில் இருந்தது, தமிழில் ஒரு வரி இல்லை.

நாளிதழைத் திறந்தால் சலுகை விளம்பரத்தில் மிக்ஸி, குக்கருக்குப் பக்கத்தில் இப்போது மசாஜ் கன்னும் வருகிறது. எங்களைப் போல வாங்கிவிட்டு அப்புறம் அளக்கிற நிலைமை மற்றவர்களுக்கு வேண்டாம். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சார்ஜ் போட்ட மெஷினைக் கேட்டு வாங்கி, தன் தோளுக்குத் தானே ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும், அப்புறம் தொடையில் அழுத்திப் பார்க்கட்டும். தனக்குத் தானே தோளுக்கும் கைக்கும் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சின்னது போதும். ஓடுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வீட்டில் பிடித்துவிட ஆள் இருப்பவர்கள் பெரியதை எடுக்கலாம். இந்த தீபாவளிக்கு முன்பே உங்கள் நுகர்வோர் பக்கத்தில் ஒரு பிஸியோதெரபிஸ்டிடம் கேட்டு, எந்த இடத்தில் வைக்கலாம், எங்கே கூடாது என்று படத்தோடு தமிழில் போட்டால் வெட்டி எடுத்து என் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைப்பேன். பிளவுஸ் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கழுத்து வலியோடுதான் வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை