ஆடி முடிந்ததும் கிளம்பி வா, அம்மா

கெச்சியாவ், சீனா,
ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான், உன் மாப்பிள்ளை, பையன் மூவரும் நலம். வயிற்றில் இருப்பதும் நலம்தான், நேற்று ராத்திரி முழுக்க உதைத்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் முட்டி வலி தேவலையா? போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நானும் பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். துணி கொள்முதலுக்கு வந்த ஈரோட்டுக்காரர் ஒருவர் நாளை ஊருக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிரசவம் இங்கேதான். நீதான் இங்கே வர வேண்டும்.

கோபப்படாமல் மேலே படி. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற முறையை நாம் குறையில்லாமல் செய்துவிட்டோம். வளைகாப்பு, சீர், பத்தியம் எல்லாம் ஆயிற்று. ஆனால் அந்தச் சமயத்தில் உன் மாப்பிள்ளை எங்கே இருந்தார்? 2020 மார்ச் கடைசியில் சீனா வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியதே, அப்போது இங்கே மாட்டிக்கொண்டவர். ஊருக்கு வந்தால் திரும்ப விட மாட்டார்கள், வேலை போய்விடும் என்று இங்கேயே இருந்தார். அந்த வருஷமே பையன் பிறந்தான். 2023 ஜனவரியில் தனிமைப்படுத்தும் விதியை எடுத்த பிறகுதான் அவர் பவானிக்கு வந்தார். பையன் அவரை அறைக்குள் விடவே இல்லை, கத்தித் தீர்த்தான். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் நம் வீட்டுத் திண்ணையில் ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கொண்டார். நீதான் கொசுவர்த்தி ஏற்றி வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை பிறந்த அன்றே குழந்தையைக் கையில் வாங்க வேண்டும் என்று அவர் வாய் விட்டுக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்று, பையனின் பள்ளிக்கூடம். செப்டம்பர் 1 அன்று புது வகுப்பு தொடங்குகிறது. அவன் இப்போது பேசும் சீனத்தைக் கேட்டால் நீ அசந்துவிடுவாய். சந்தையில் நான் விரலைக் காட்டிப் பேரம் பேசுவதற்குள் அவன் விலையைப் பேசி முடித்து, ஒரு கொத்து வெங்காயத்தாளும் கொசுறாக வாங்கிவிடுகிறான். பள்ளியிலேயே மதியச் சாப்பாடு. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் அவரவர் போர்வையோடு வரிசையாகப் படுத்துத் தூங்க வேண்டும். வீட்டில் பகலில் கண்ணை மூடாதவன் அங்கே மட்டும் எப்படித் தூங்குகிறான் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றித்தான் உனக்குப் பயம். நான் போவது அரசாங்கத்துப் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி. கூட்டம் நம் ஈரோடு பெரியாஸ்பத்திரிக்குக் குறையாது. எல்லாம் போனில்தான், டோக்கன், பணம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாமே. சீனர்கள் அடையாள அட்டையை மிஷினில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நம் பாஸ்போர்ட்டை அந்த மிஷின் ஏற்காது, நாம் ஆள் இருக்கிற ஜன்னலில் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு வேடிக்கை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது? அதனால் டாக்டர் அறைக்கு வெளியே திரையில் அப்பா பெயர்தான் ஓடும், நர்ஸும் அதைத்தான் அவர்கள் வாயில் வந்தபடி கூப்பிடுவார். ஆறாம் மாதம், அடுத்த ஸ்கேன் எப்போது என்று சீனாக்காரர்கள் மாதாமாதம் விசாரிப்பது அப்பாவைத்தான். சொல்லு, சிரிப்பார்.

போன வாரம் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருதரம் ரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒருதரம், இரண்டு மணி நேரத்தில் ஒருதரம் ரத்தம் கொடுக்க வேண்டும். நடைபாதை முழுக்கக் காகிதக் கோப்பையும் கையுமாகக் கர்ப்பிணிகள். பாதிப் பேர் வெள்ளி நூல் கலந்து நெய்த ஏப்ரன் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர், போனிலிருந்து வரும் கதிர் குழந்தையை அண்டாமல் இருக்கவாம். உன் மாப்பிள்ளை துணிக்காரர் இல்லையா, விளிம்பைப் பார்த்தே என்ன நூல், மீட்டர் என்ன விலை என்று சொல்லிவிட்டு, இது தேவையே இல்லை என்றார். எனக்கு வாங்கித் தரவும் இல்லை. சர்க்கரை அளவு சரியாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

ஆணா பெண்ணா என்று கேட்காதே. நம் ஊர் போலவே இங்கேயும் அதைச் சொல்வது தடை. ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் லிஃப்டில் வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும்! புளிப்பு கேட்டால் பையனாம், காரம் கேட்டால் பெண்ணாம். நான் இரண்டையும் கேட்கிறேன். புளிப்புக்கு இங்கே மாங்காய் தேட வேண்டியதில்லை. இந்த மாதம் யாங்மெய் என்று ஒரு பழம் வருகிறது, பக்கத்து ஷாங்யூ மலைத் தோட்டங்களிலிருந்து. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது, கருஞ்சிவப்பு, தோல் கிடையாது, மேலெல்லாம் சிறு சிறு முள் போலச் சதை. உப்புத் தண்ணீரில் போட்டுக் காத்திருந்தால் உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகப் பொடிப்புழு வெளியே வரும். முதல் தடவை பார்த்தபோது கூடையையே கீழே கொட்டப் போனேன். எதிர்வீட்டுப் பாட்டி பிடுங்கிக்கொண்டார். புழு இருந்தால்தான் மருந்து அடிக்காத பழமாம். கழுவி வாயில் போட்டால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து தாடை கூசும். பையனின் வெள்ளைச் சட்டை இரண்டு கறை பிடித்து வீணாகிவிட்டது.

இந்த எதிர்வீட்டுப் பாட்டியை நீ பார்க்க வேண்டும். சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் உண்டானது தெரிந்ததிலிருந்து தினமும் மாலை ஆட்டத்துக்குப் போகும்முன் கதவைத் தட்டுவார். வாசல் மைதானத்தில் பாட்டுப் போட்டு ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் வரிசையாக ஆடுவது இங்கே வழக்கம். ஐஸ் தண்ணீரை என் கையில் பார்த்தால் போதும், வாங்கிக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றித் தருவார். கட்டிலில் உட்கார்ந்து கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது, அலமாரியை நகர்த்தக் கூடாது, நண்டு ஆகாது. நீ பப்பாளி, அன்னாசி என்கிறாய், அவர் நண்டு என்கிறார். எனக்கு மிஞ்சியது யாங்மெய் மட்டும்தான்.

அவருக்கு ஒரே மகன். ஒரு பிள்ளைதான் என்று இங்கே சட்டம் இருந்த காலத்து ஆள். இரண்டாவதைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது. பையன்தான் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். பாதியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவனை உள்ளே போய் விளையாடச் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை அவர் கையைக் காட்டியே சொன்னார், எனக்கும் புரிந்தது. 2016ல் இரண்டு பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள், 2021ல் மூன்று என்றார்கள். இப்போது இவர் மகன் கல்யாணமே வேண்டாம் என்கிறானாம். என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.

பெண் பிறந்தால் ஒரு ஜாடி மது வாங்கித் தருவேன் என்கிறார். பயப்படாதே, நமக்குக் குடிக்க இல்லை! இந்த ஷாவ்சிங் பக்கம் அரிசி மதுவுக்குப் பேர்போனது. பெண் பிறந்தால் மண் ஜாடியில் மதுவை மூடி மண்ணில் புதைத்துவிட்டு, அவள் கல்யாணத்தன்றுதான் தோண்டி எடுப்பார்களாம். பதினோராவது மாடியில் எங்கே புதைப்பது என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் வை என்கிறார். அப்பாவிடம் இதை மட்டும் சொல்லாதே, கல்யாணம் வரைக்கும் தாங்காது.

சரி, பத்தியத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவளை எப்படிப் பார்ப்பார்களோ என்று நீ நினைப்பது வீண். இங்கே ஒரு மாதம் அவளை வீட்டை விட்டே வெளியே விட மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் கையில் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, நீ வந்து தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட்டால் பாட்டி மயங்கி விழுவார். நாம் பூண்டுக் குழம்பு வைத்தால் அவர்கள் பால் ஊற கெண்டை மீன் சூப் வைக்கிறார்கள், வெள்ளை வெளேரென்று. இஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் போட்ட கஷாயம் இருவருக்கும் பொது. யீவூ பக்கத்தில் கரும்பு காய்ச்சி எடுக்கிற சர்க்கரை நம் கவுந்தப்பாடிச் சர்க்கரைக்குச் சற்றும் குறைவில்லை. மாதம் நிறைந்தால் குழந்தைக்கு முடி இறக்கி, சிவப்புச் சாயம் பூசிய முட்டையை வீடு வீடாகக் கொடுப்பார்கள். இதற்கென்றே தேர்ந்த ஆயாக்கள் இருக்கிறார்கள், மாதம் 10,000 யுவானுக்கு மேல் கேட்கிறார்கள். அந்தக் காசில் உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டு மிச்சமும் இருக்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பிரசவ அறைக்குள் உன்னையும் விட மாட்டார்கள், அவரையும் விட மாட்டார்கள். இந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான். வலியோடு சீனத்தில் பேச வேண்டுமே என்பதுதான் எனக்கு உள்ளூர இருக்கிற பயம். வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், டாக்டரைக் கூப்பிடு. தேவையானதை எல்லாம் பையன் எனக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறான், தப்பாகச் சொன்னால் டீச்சர் மாதிரித் திட்டுகிறான். கதவுக்கு வெளியே நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், நான் சமாளித்துக்கொள்வேன்.

புரட்டாசி முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். பிறந்த பிறகு அலைச்சல் நிறைய. இங்கே பிறந்தாலும் குழந்தை சீனக் குடிமகன் ஆகாது. ஆஸ்பத்திரிச் சான்றிதழை வைத்து ஷாங்காயில் இருக்கிற நம் துணைத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிறந்த 60 நாளுக்குள் இங்கே போலீஸிலும் தங்கும் அனுமதிக்குப் பதிய வேண்டும். நடுவில் அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை, ஒரு ஆபீஸும் திறக்காது. அவர் அதற்கு ஓடும்போது வீட்டில் எனக்கு யார் துணை? யோசி.

உனக்கு வேண்டியது எஸ்2 என்கிற விசா. அழைப்புக் கடிதம், எங்கள் அனுமதிச் சீட்டு நகல் எல்லாம் இந்த உறைக்குள் இருக்கின்றன. கோவையில் ஏறி சிங்கப்பூரில் மாறினால் ஹாங்சோ, அங்கே அவர் காரோடு நிற்பார். சிங்கப்பூரில் வழி கேட்கத் தமிழ் போதும். வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் உன் பெயரைப் பதிய வேண்டும், இது எல்லா வெளிநாட்டுக்காரர்களுக்கும் உள்ள விதி, பதறாதே.

கொண்டு வர வேண்டியது: பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், அப்பாவின் பழைய வேட்டி இரண்டு, தூளி கட்ட உன் நூல் சேலை. கூரையில் கொக்கி கிடையாது, அவர் இரும்புச் சட்டம் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார். பழம், காய், கறிவேப்பிலை, நெய் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கசகசா ஒரு துளி கூட வேண்டாம், குருமாப் பொடியில் கலந்ததும் வேண்டாம், இங்கே அது போதைப்பொருள் கணக்கு.

ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் கிளம்பு. மாட்டைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார், அவரிடம் நான் பேசிவிட்டேன். உன் பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்த்து, இந்த வாரத்துக்குள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் அன்பு மகள்