உஸ்ஸங்கொட செம்மண் விண்கல்லால் வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைச் சுற்றுலாக்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான குறிப்பொன்று, அம்பாந்தோட்டை மாவட்டத்து உஸ்ஸங்கொடச் செம்மண் வெளியை விண்கல் விழுந்து எரிந்த இடம் என்கிறது. இராவணனோடு சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளரும் திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கதையைக் கதையாகக் கேட்கத் தெரியும். விண்கல் விஷயம் அப்படியல்ல, அது அறிவியல் என்ற பெயரில் சொல்லப்படுகிறது.

அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது செர்பெண்டினைட் என்ற பாறை. புவியோட்டுக்குக் கீழுள்ள மான்டில் படையின் பாறை பெரிடோட்டைட். அதில் ஒலிவின் என்ற கனியம் மிகுதி, பைரொக்சின், குரோமைட் என்ற கனியங்களும் சிறிது கலந்திருக்கும். அந்த ஒலிவினுக்குள் நீர் புகுந்தால் அது செர்பெண்டைன் என்ற கனியமாகிறது, பாறை செர்பெண்டினைட் ஆகிறது. கனியத்தின் எடையில் ஏறக்குறைய 13 வீதம் நீராகிவிடும், அடர்த்தி 3.3 இலிருந்து 2.6 அளவுக்கு இறங்கும், பாறை பருத்து வெடிக்கும். ஒலிவினில் இருந்த இரும்பின் ஒரு பகுதி மக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனியமாகப் பிரியும். பிறகு மழை மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போக, கரையாத இரும்பு துருவேறித் தங்கிவிடுகிறது. சிவப்பு அதனால்தான். செடிகள் குட்டையாக நிற்பதற்கும் எரிந்த தரை காரணமல்ல: மண்ணில் கல்சியம் குறைவு, மக்னீசியமும் நிக்கலும் அதிகம்.

விண்கல் கதை நிலைத்திருப்பதற்குக் காரணம், விண்கல்லை அறிய மாணவர் வழக்கமாகச் செய்யும் இரண்டு சோதனைகளும் இங்கே ஏமாற்றுவதே. காந்தம் ஒட்டும், ஆனால் ஒட்டுவது மக்னடைட். நிக்கல் சோதனையில் டைமெதில்கிளையொக்சைம் என்ற சோதனைப் பொருள் சிவக்கும், ஆனால் மான்டில் பாறையிலேயே சுமார் 0.2 வீதம் நிக்கல் உண்டு, மண்ணில் அது இன்னும் செறிகிறது. (அமோனியா விடுமுன் சிட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் இரும்பின் கபில வீழ்படிவு நிறத்தை மூடிவிடும். அப்போது நிக்கலே இல்லை என்ற எதிர்த் தவறு நேரும்.)

ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே உள்ள மாதிரியில் அடர்த்தியைப் பாருங்கள். வளியில் 520 கிராம், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் 320 கிராம் என்றால், 520 ஐ 200 ஆல் வகுக்க 2.6. இரும்பு விண்கல் 7 ஐத் தாண்டும். உக்கிய கல்லின் துளைகளில் வளி சிக்கினால் விடை குறைந்து காட்டும். உலர்நிலையில் நிறுத்தபின் இரவு முழுக்க நீரில் ஊறவிட்டால், இரண்டாம் நிறை திருத்தமாக வரும். புதுப் பெரிடோட்டைட்டும் சாதாரணக் கல் விண்கல்லும் 3.3 ஐ ஒட்டியே வருவதால் அங்கே அடர்த்தி உதவாது. வெட்டுமுகத்தை அரத்தால் தேய்த்துக் கைவில்லையில் பார்க்க வேண்டும். விண்கல்லில் உலோகப் புள்ளிகள் மினுங்கும்.

இலங்கையின் செர்பெண்டினைட் துண்டுகள் ஹைலண்ட், விஜயன் பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டியவை. அதே எல்லையில்தான் நமது மாவட்டத்துச் சேருவில செம்பு, மக்னடைட் படிவும் உள்ளது. இவை மேலே வந்த வழி பற்றி ஆய்வாளரிடையே ஒரே கருத்தில்லை. மான்டில் பாறை மேலே வந்ததற்கு ஐயமில்லாத உதாரணம் வேண்டுமானால் ஓமான். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகும் வீதியில் சுமைல் பக்கம் தெரியும் கரும்பழுப்பு மலைகள் மான்டிலேதான். சுமார் 500 கிலோமீற்றர் நீளத் தொடர் அது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து அங்கு வேலைக்குப் போனவர்கள் தினமும் கடந்துபோகும் மலைகள். நம் கோட்டைக் குன்றுப் பக்கத்துக் குவார்ட்சைட்டை அவற்றோடு குழப்பவேண்டாம். குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறும், செர்பெண்டினைட்டை நாம் கத்தியால் கீறலாம்.

அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு: உஸ்ஸங்கொட 2010 இலிருந்து தேசிய பூங்கா. கல்லோ மண்ணோ செடியோ எடுக்கக் கூடாது. செர்பெண்டினைட்டின் நார் போன்ற நரம்புகள் கிரைசொடைல், அதாவது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம் என்பதால் எந்த மாதிரியையும் வகுப்பில் உலர்நிலையில் உடைக்கவேண்டாம், நனைத்துக் கையாளுங்கள். அங்கு வளரும் ஓரிதழ் தாமரை நிக்கலை இலையில் தேக்குவது. மருந்துக்கு மூலிகை வாங்குவோர் அது எந்த மண்ணில் பறிக்கப்பட்டது என்று கேட்பது நல்லது.

புவிச்சரிதவியல் ஆசிரியர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.